எழுத்து வகுப்பை எங்கே வைப்பது: வாட்ஸ்அப்பா, கிளாஸ்ரூமா, டாக்ஸா, மூடுலா?

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். என்னைப் போலவே கலைக்கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் எடுப்பவர். ஜூனில் செமஸ்டர் தொடங்குகிறது, முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரையும் வாதமும் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது, வகுப்பில் 60 பேருக்கு மேல், வாரத்தில் கிடைப்பதோ இரண்டு மணி நேரம். "ஆன்லைன்ல ஏதாவது ஒண்ணை வெச்சு ஓட்டலாம்னு இருக்கேன் சார், எதை வெக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அரை மணி நேரம் பேசியும் பாதிதான் முடிந்தது, அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது உதவலாம்.

எதை எடுக்கலாம் என்பதற்கு முன்னால், எதற்காக என்று ஒன்று இருக்கிறதே. இப்போது எழுத்து வகுப்பு எப்படி நடக்கிறது? தலைப்புக் கொடுக்கிறோம், தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், சிவப்பு மையால் சந்திப்பிழையைச் சுழிக்கிறோம், 25க்கு இவ்வளவு என்று இன்டர்னல் போடுகிறோம், தாள் கட்டாகி அலமாரிக்குப் போய்விடுகிறது. எழுதிய பிள்ளை அதை மறுபடி தொடுவதில்லை, என்னைத் தவிர வேறு யாரும் படிப்பதும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை கோளாறு இந்த இரண்டில்தான். எழுதியதைக் கலைத்து மறுபடி எழுத ஓர் இடம் வேண்டும், வாத்தியாரைத் தவிர படிக்க ஓர் ஆள் வேண்டும். குறளில் சொல்வன்மைக்கு 65ஆம் அதிகாரம் என்றால், அவை அறிதலுக்கு, அதாவது கேட்பவர் யார் என்று அறிந்து பேசுவதற்கு, 72ஆம் அதிகாரம் தனியாகவே இருக்கிறது. நம் டெல்டாப் பிள்ளைகளுக்கு அவை தெரியாமல் இல்லை. கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். மேடையேற்றினால் எந்த இடத்தில் கைதட்டு விழும் என்பது வரை தெரியும். பேனாவை எடுத்ததும் அந்த அறிவு எங்கோ போய்விடுகிறது, முகமில்லாத ஒரு விடைத்தாள் திருத்துநருக்கு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே நான் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் கேட்பது இவ்வளவுதான்: இங்கே திருத்தி எழுத முடியுமா? யார் படிப்பார்கள்?

வாட்ஸ்அப்பிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். எல்லாரிடமும் இருக்கிறது, தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ரீசார்ஜ் தீரும் தறுவாயிலும் ஓடும். இதை மட்டம் தட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை குழுவில் நாலு வரி எழுதிவிடும். இது பழைய கண்டுபிடிப்பு. 1985இல் வாஷிங்டனில், காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில், கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வகுப்பு முழுவதையும் தட்டச்சிலேயே பேச வைத்தார்கள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழக வழியில்லாத மாணவர்களுக்கு எழுத்தே உரையாடலாகியது. அப்புறம் காது கேட்கும் மாணவர்களின் எழுத்து வகுப்புகளுக்கும் அந்த முறை பரவியது. எழுத்து என்றால் எதிரில் ஒருவர் இருக்கிறார், அவர் பதில் சொல்வார் என்ற உணர்வு அதில் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் திருத்தி எழுதுவது? அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் மாற்றலாம் என்று 2023இல் வசதி கொடுத்தார்கள், அது எழுத்துப்பிழை திருத்தத்தான் காணும். ஒருவர் இரண்டு பத்தி வாதம் எழுதிப் போட்டால், அதற்குக் கீழே குட் மார்னிங் பூ, ஒரு மீம், "சார் நாளைக்கு லீவா?" என்று வந்து, சாயங்காலத்துக்குள் அந்த வாதம் எங்கேயோ மேலே போய்விடுகிறது. தங்கிலீஷ் தொல்லை வேறு. பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய விரலை எழுத்துத் தமிழுக்குத் திருப்புவது, மாட்டை வேறு வண்டியில் பூட்டுவது மாதிரி. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது போன் நம்பர். குழுவில் சேர்த்ததும் 60 பேர் நம்பரும் 60 பேருக்கும் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் பல பெண்பிள்ளைகள் வைத்திருப்பது அண்ணன் போன், அப்பா போன். முதல் வருஷம் நான் யோசிக்காமல் குழு ஆரம்பித்துவிட்டேன்; இரண்டாவது வாரம் ஒரு மாணவியின் அம்மா கல்லூரிக்கே வந்து, "ராத்திரி பத்து மணிக்கு யார் யாரோ மெசேஜ் போடுறாங்க சார்" என்றபோது எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. அன்றிலிருந்து என் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான்.

கூகுள் கிளாஸ்ரூம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் வந்தது, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டது. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று கணக்கு வைக்க அருமையான சாதனம். ஒரு மாதிரித்தாளைப் போட்டு, ஆளுக்கொரு பிரதி தானாகப் போகும்படி வைக்கலாம், அது பெரிய உதவி. ஆனால் அடிப்படையில் அது அலமாரிக் கட்டின் மின்வடிவம்: மாணவர் எனக்குக் கொடுக்கிறார், நான் அவருக்கு மார்க் போடுகிறேன், பக்கத்து பெஞ்சுக்காரர் என்ன எழுதினார் என்று தெரியாது. எழுத்து வகுப்புக்கு வாசல் கதவாக வைத்துக்கொள்ளலாம், கூடமாக அல்ல.

இனி கூகுள் டாக்ஸ், ஒரே ஆவணத்தைப் பலர் இணையத்தில் திறந்து எழுதவும் கருத்துப் போடவும் முடிகிற இடம். என் ஓட்டு இதற்குத்தான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். 60 பேருக்கும் ஒரே லிங்க் கொடுத்து, "எல்லாரும் இதில் எழுதுங்கள்" என்று நான் ஒரு தடவை சொன்னேன். பத்தே நிமிடத்தில் யாரோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார்கள், வேண்டுமென்று இல்லை, போன் திரையில் விரல் தவறியிருக்கும். பழைய பதிப்புகளின் வரலாறு அதில் இருப்பதால் மீட்டுவிட்டேன், ஆனாலும் அன்றைய வகுப்பு போனது போனதுதான். நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கோப்புறை, ஆளுக்கொரு ஆவணம் என்று வைத்தபிறகுதான் விஷயம் பிடிபட்டது. எழுதியவருக்கு மட்டும் திருத்தும் உரிமை, மற்ற மூவருக்கும் கமென்ட் போடும் உரிமை. அடுத்தவர் வாக்கியத்தை நாமே மாற்றி எழுதிவிட்டால் அவர் எதுவும் கற்பதில்லை.

ஐப்பசியில் கொடுத்த ஒரு தலைப்பைச் சொன்னால் புரியும். உங்கள் ஊர் நெல் கொள்முதல் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து நிற்கும் மாதம், பாதிப் பேர் வீட்டு நெல் அப்போது சாலையோரத்தில்தான் கிடக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவியின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "உலகுக்கே அச்சாணியாம் உழவனின் கண்ணீர் இன்று வெள்ளமெனப் பெருக்கெடுத்து..." பட்டிமன்ற மேடையில் இதற்குக் கைதட்டு நிச்சயம். குழுவில் ஒரு பையன் போட்ட கமென்ட் ஒரே வரி: "எத்தனை மூட்டை?" இன்னொரு மாணவி, "எத்தனை நாளா கிடக்கு, அதைச் சொல்லு". இரண்டாவது வரைவில் கண்ணீர் வெள்ளம் வடிந்துவிட்டது. தெருவில் 11 வீட்டு நெல், 40 கிலோ மூட்டையாக 600க்கு மேல், 9 நாளாகக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் எடுக்க மறுக்கிறார்கள், தார்ப்பாய் பற்றவில்லை. படித்ததும் எனக்கே எழுந்துபோய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது வரைவுக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன்: ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது ஆட்சியர் கையில் இருக்கிறதா? இல்லை. மாநில அரசு கேட்டு மத்திய அரசு அனுமதிக்க வேண்டிய காரியம் அது. அப்படியானால் ஆட்சியரிடம் எதைக் கேட்க வேண்டும்? இந்த இடத்தில்தான் அந்தப் பெண் கடிதத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். தார்ப்பாய், கூடுதலாக ஒரு கொள்முதல் நிலையம், நெல்லைக் காயவைக்க இடம் என்று ஆட்சியரால் செய்யக்கூடியதை மேலே கொண்டுவந்தாள்; தளர்வுக்கான கோரிக்கையை மேலிடத்துக்குப் பரிந்துரைக்கும்படி கடைசியில் ஒரு வரி. படிப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்த்து வாதத்தின் வரிசையையே மாற்றுவது, இதைத்தான் அணியியல் வகுப்பில் எந்த உதாரணம் சொல்லியும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. மூன்று வரைவும் ஒரே ஆவணத்தில் அடுக்காக இருந்ததால் வகுப்பில் திரையில் போட்டு, எது எங்கே ஏன் நகர்ந்தது என்று காட்ட முடிந்தது. தாளில் இதற்கு வழியே இல்லை.

கமென்ட் போடவும் கற்றுக்கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் "சூப்பர்", "அருமை தோழி", இரண்டு ரோஜாப்பூ. நான் நன்னூலைத் துணைக்குக் கூப்பிட்டேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறதே, பரீட்சைக்கு எல்லோரும் ஒப்பிப்பார்கள், ஆனால் தன் கட்டுரையிலேயே அது உட்கார்ந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றாது. ஒவ்வொரு கமென்டும் அந்தப் பத்தில் ஒன்றைச் சுட்ட வேண்டும், எந்த வரியில் என்று காட்ட வேண்டும், இது விதி. ஒரே மாதத்தில் "சென்று தேய்ந்திறுதல்" வகுப்பின் செல்ல வசவாகிவிட்டது. ஜோராக ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் "எனவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு" என்று மூச்சுவாங்கும் கட்டுரை எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். என் சொந்தக் கட்டுரை ஒன்றிலும் அதைக் கண்டுபிடித்துப் போட்டார்கள், நியாயமாகத்தான் போட்டார்கள்.

டாக்ஸில் குறைகளும் உண்டு. போனில் நீளமாகத் தமிழ் அடிப்பது சிரமம். பலர் குரல்தட்டச்சில் பேசியே எழுதுகிறார்கள். நான் தடுப்பதில்லை; பேசி எழுதிய வரைவில் பேச்சின் வேகம் அப்படியே இருக்கும், அதை எழுத்து வழக்குக்கு மாற்றுவதையே அடுத்த வாரப் பயிற்சியாக்கிவிடலாம். அப்புறம் பதிப்பு வரலாற்றைத் துப்பறியும் கருவியாக்கிக்கொள்ளும் ஆசை வரும், ஜாக்கிரதை. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, இரண்டு பக்கம் ஒரே நொடியில் வந்து விழுவதைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பார்க்கலாம்தான். ஆனால் வேறெங்காவது எழுதி வைத்திருந்து கொண்டுவந்து ஒட்டிய பிள்ளையும் அப்படித்தான் தெரியும். நான் யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. மூட்டை எத்தனை என்று பக்கத்திலிருப்பவர் கேட்டதும் அந்த வழவழப்பான கட்டுரை தானாகத் திணறிவிடுகிறது.

மூடுல் என்பது கல்லூரி தானே நிறுவி ஆன்லைன் வகுப்பு நடத்திக்கொள்ளும் மென்பொருள். அதன் விஷயத்தில் எனக்குக் காதலும் உண்டு, கசப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூஜியமாஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002இல், கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. வகுப்பறை எப்படி நடக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது தொட்ட இடமெல்லாம் தெரியும். அதன் விவாத அரங்கில் ஒரு வகை உண்டு: நீங்கள் உங்கள் பதிலை எழுதும்வரை அடுத்தவர் எழுதியது கண்ணில் படாது. முதல் பெஞ்சுக்காரர் சொன்னதையே 40 பேர் சுற்றிவளைத்துச் சொல்லும் வியாதிக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று 'வொர்க்‌ஷாப்'. எல்லோரும் கட்டுரையைக் கொடுத்ததும் அதுவே கலைத்துப் பங்கிட்டு, ஆளுக்குச் சில கட்டுரைகளை மதிப்பிட அனுப்புகிறது, வேண்டுமானால் பெயரையும் மறைத்து. மாணவருக்கு மார்க் இரண்டு இடத்திலிருந்து வருகிறது: இயல்பாக விட்டால் எழுதியதற்கு 80, பிறர் கட்டுரையை மதிப்பிட்ட நேர்த்திக்கு 20. ஆசிரியர் சொல்லிக் காற்பங்கு, உடன் படிப்பவரோடு பழகிக் காற்பங்கு, மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச்சொல்லும்போது என்று நன்னூல் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால், மூடுல்காரர்கள் அந்த அரைப்பங்குக்கு 20தான் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாம், நான் 50 ஆக்கினேன்.

சரி, கசப்பு எங்கே? அதற்கு சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பதிப்புப் புதுப்பிக்க வேண்டும், காப்புப் பிரதி எடுக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆர்வமுள்ள ஒருவர் எல்லாவற்றையும் நிறுவினார், இரண்டு வருஷம் தேர் மாதிரி ஓடியது. அவர் வேறு ஊருக்குப் போனார், சர்வர் வாடகையைக் கட்டச் சொல்லி வந்த மின்னஞ்சலை யாரும் திறக்கவில்லை, ஒருநாள் தளம் இல்லை. இரண்டு வருஷத்துப் பிள்ளைகளின் வரைவுகள், கமென்டுகள், சண்டைகள், எல்லாம். நிர்வாகத்தில் யாருக்கும் அது இழப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே கல்லூரியே பொறுப்பேற்று, சம்பளம் வாங்கும் ஓர் ஊழியர் பெயரில் அந்த வேலை எழுத்தில் இருந்தால் மூடுலை எடுங்கள். தனியாளாகக் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் உங்கள் கைக்காசு போட்டு வேண்டாம்.

பொதுவெளியில் எழுத வைப்பதும் ஒரு வழி. தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது, ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் சேர்ந்துவிட்டது. மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம், உரையாடல் பக்கத்தில் முகமறியாத ஒருவர் "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் நூறு தடவை கேட்டதைவிட அவர் ஒரு தடவை கேட்டது உறைத்தது. எங்கள் மாணவர் ஒருவர் தன் ஊர்க் கோயில் பற்றித் தலபுராணப் புத்தகத்தை அப்படியே அடித்துப் போட்டார், காப்புரிமை என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். கோபத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை, அப்புறம் தானே வந்து மேற்கோள் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். ஆனால் அங்கே தன் கருத்தைச் சொல்லக்கூடாது, நடுநிலைதான் சட்டம். தரவும் சான்றும் கற்கலாம், வாதம் கற்க முடியாது. வாதத்தைப் பொதுவில் வைக்க வலைப்பூ இருக்கிறது, ஆனால் அதில் பயம் உண்டு. தன் தெருக் கல்யாணத்தில் நடந்த சாதிப் பேச்சை ஒரு பெண் எழுதினால், திரையைப் படம்பிடித்து அதே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட அரைமணி போதும். மார்க்குக்காக யாரையும் பொதுவில் எழுத வைக்காதீர்கள். விருப்பம் இருந்தால், புனைபெயரில், வருஷக் கடைசியில் ஒரே ஒரு கட்டுரை, போதும்.

டேட்டா, கரண்ட் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி என்று அரசே டேட்டா கார்டு கொடுத்தது, அந்த மாதிரி இப்போது எதிர்பார்க்க முடியாது. ஆன்லைன் வகுப்பு அதிகம் தேவைப்படுவது கார்த்திகை மழை விடுமுறையில், கரண்ட் அதிகம் போவதும் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளில் எந்தத் தளமும் நோட்டுப் புத்தகத்துக்கு ஈடாகாது. கடைசியில் 75 மார்க் பரீட்சையும் கையால் எழுதுவதுதானே. "இதெல்லாம் எக்ஸாம்ல வருமா சார்?" என்று முதல் வாரமே கேட்பார்கள். நான் இரண்டாவது வரைவை மட்டும் தாளில் கையால் எழுதி, படமெடுத்து டாக்ஸில் சேர்க்கச் சொல்கிறேன், கைப்பழக்கமும் விடாமல் இருக்கும்.

ஆக மன்னார்குடி நண்பருக்கு நான் சொல்வது: நாலு பேர் குழுவாக கூகுள் டாக்ஸ், லிங்க்கும் கெடுவும் தெரிவிக்க அட்மின் மட்டும் எழுதும் வாட்ஸ்அப், மார்க் கணக்குக்கு வேண்டுமானால் கிளாஸ்ரூம். கல்லூரி மூடுலுக்கு ஆள் போட்டால் இரண்டாம் செமஸ்டரில் வொர்க்‌ஷாப்புக்கு மாறலாம். முதல் வரைவுக்கான கெடுவை ஜூன் நடுவில் வைக்காதீர்கள் சார். வழக்கம்போல 12ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டால் வயல் வேலை சூடுபிடிக்கும் நேரம், பாதி வகுப்பு வீட்டு வயலில்தான் நிற்கும். ஜூலை முதல் வாரம் என்று போடுங்கள். டாக்ஸ் செயலியில் ஆவணத்தை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும் வசதியை முதல் நாளே வகுப்பில் உட்கார வைத்து எல்லார் போனிலும் போட்டுக்கொடுத்துவிடுங்கள், பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியதில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.